அரசனை நிறுத்திய விசில்

டிப்போவில் அவளை எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டக்டர்கள் எல்லோரும்தான் விசில் ஊதுகிறார்கள். ஆனால் அவள் ஊதினால் பக்கத்து ஊர் பஸ்ஸும் சேர்ந்து கிளம்பிவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, தோளில் தோல்பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் விசில். நாலு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதினாலு பேர் நிற்கும் பஸ்ஸில் முன்னும் பின்னும் எப்படித்தான் போய் வருகிறாளோ, அது அவளுக்கே தெரியாது.

நாடகப் பைத்தியம் அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. பள்ளி நாடகத்தில் கிடைத்தது பிணத்தின் வேடம். பிணம் சிரித்துவிட்டது. அதோடு மேடையை விட்டு இறக்கினார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருவது அவளுக்கு ஒரு வியாதி. வந்துவிட்டால் முந்தானையை வாயில் திணித்தாலும் தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பஸ்ஸில் நாள் முழுக்க அவள் பார்ப்பது நாடகம்தானே. வயதானவர் ஏறியதும் தூங்க ஆரம்பிக்கிறவன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு அப்பாவி முகம் காட்டுகிறவன், கணவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து தெரிந்தவர் முகத்தைக் கண்டதும் மலர்ந்து சிரிக்கிறவள். யார் நன்றாக நடிக்கிறார், யார் சொதப்புகிறார் என்பதை அவள் ஒரு நிறுத்தத்துக்குள் சொல்லிவிடுவாள்.

டிப்போவில் ஊழியர் மன்றம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். இயக்குவது எப்போதும் ஆபீஸ் சூப்பிரண்டுதான். நடிப்பவர்கள் டிரைவர்களும் மெக்கானிக்குகளும். பெண் ஊழியர்களுக்கென்று அந்த மன்றம் பெரிய மனதோடு ஒதுக்கி வைத்திருந்த கலைப்பணி, ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது.

நாடகம் பழையது. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்து, மனப்பாடம் செய்து, மறந்துபோன துன்பியல் நாடகம். ஒரு அரசன் பொய்ச் சாட்சியை நம்பித் தன் தம்பிக்கே மரண தண்டனை விதித்துவிடுகிறான். பிறகு உண்மை தெரிகிறது. சிறைக்கு வருகிறான். நடுவில் ஒரு மேசை, மேசைமேல் விஷக் கிண்ணம். ‘நீ குற்றமற்றவன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி பிழைப்பான். தப்பான தீர்ப்புச் சொன்ன அரசனின் கிரீடம் போகும். அரசன் சொல்வதில்லை. வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்கிறான். தம்பி குடிக்கிறான். அந்தக் காட்சியில் அரசனுக்கு வசனமே கிடையாது. அதிகாரம் எப்படிக் கொலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அது கத்தியைத் தூக்குவதில்லை, முதுகைத் திருப்பிக்கொள்கிறது.

போன வருடம் இந்தக் காட்சியில்தான் கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அரசனாக நடித்தவர் ஹாரன் அண்ணன். டிப்போவிலேயே மூத்த டிரைவர். சிறைக்குள்ளும் அரசனுக்கென்று போட்டிருந்த சிம்மாசனத்தில் உட்கார்ந்த மறுநிமிடம் அவர் இடது கால் கிளட்ச்சைத் தேட ஆரம்பித்தது. தம்பி கிண்ணத்தை எடுக்கும்போது அரசரின் கை தானாகக் கீழே போய் இரண்டாவது கியர் போட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டிப்போக்காரர்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், “அண்ணே, லைசென்ஸ் எடுத்துட்டு வந்தீங்களா?” என்று கத்தினான். அதற்குப் பிறகு தம்பி செத்ததை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வருடமும் அதே நாடகம் என்று சூப்பிரண்டு பிடிவாதம் பிடித்தார். முதல் நாள் ஒத்திகையில், அரசன் எப்படிக் கம்பீரமாக நடக்க வேண்டும் என்று நடந்து காட்டினார். மேடையில் ஒரு பலகை ஆணி கழன்று கிடந்தது. கம்பீரம் பாதியில் நின்றது, கால் எலும்பு முறிந்தது.

“இந்த நாடகத்துக்கே ஒரு தோஷம் இருக்குய்யா,” என்றார் சூப்பிரண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி. “இதை எடுத்தவன் உருப்பட்டதில்ல.”

ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தினமும் பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலைச்சரிவில் ஓட்டுகிற தைரியசாலிகள், ஒரு நாடகப் புத்தகத்தைத் தொடப் பயந்தார்கள்.

டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த விசிலக்கா, கீழே கிடந்த ஆணியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதோ இருக்கு சார் உங்க தோஷம். சுத்தியல் இருந்தா இப்பவே போக்கிடலாம்.”

மேனேஜருக்குத் தர்மசங்கடம். அரங்கம் பேசியாகிவிட்டது, தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லியாகிவிட்டது. “அப்ப யாருய்யா இதை எடுத்துப் பண்றது?” என்று கேட்டார். எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள். விசிலக்கா கையைத் தூக்கினாள்.

மேனேஜர் ஒரு காலத்தில் அதே டிப்போவில் டிரைவராக இருந்து மேலே வந்தவர். நல்லவர்தான். ஆனால் டிரைவர்களை ‘நீங்க’ என்பார், பெண் கண்டக்டர்களை ‘நீ’ என்பார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அநியாயத்தில் பாதி இப்படித்தான், செய்கிறவனுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கும்.

“நீயா? சரி, பண்ணு. ஆனா ஒண்ணு. அந்தச் சாவு சீன்ல கூட்டம் சிரிச்சுதுன்னா, நாடகம் மறுபடி சூப்பிரண்டுகிட்ட போயிரும். அப்புறம் பொம்பளைங்க யாரும் நான் இயக்குறேன்னு வந்து நிக்கக் கூடாது.”

“சிரிக்கலைன்னா சார்?”

“சிரிக்கலைன்னா வருஷா வருஷம் நீயே பண்ணிக்க.”

“நோட்டீஸ்ல என் பேரு?”

“அதையும் போட்டுக்க.” மேனேஜர் சிரித்தார். அவருக்கு அது நடக்காத காரியம்.

ஒத்திகை மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில், பழுதான பஸ்கள் நிற்கும் ஷெட்டில் நடந்தது. விசிலக்கா முதல் வேலையாகச் சிம்மாசனத்தைத் தூக்கி வெளியே போட்டாள்.

“ராஜாவுக்கு உக்கார இடமில்லையா?” என்று ஹாரன் அண்ணன் கேட்டார். குரலில் உண்மையான வருத்தம்.

“உக்காந்தா நீங்க ஊருக்குக் கிளம்பிடுவீங்கண்ணே. நில்லுங்க.”

நின்றார். ஆனால் சும்மா நிற்க வரவில்லை. ஹாரன் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. மனிதரால் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பேசக் கூடாது என்றால் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு கூடாது என்றால் தொண்டையைக் கனைத்தார். அதுவும் கூடாது என்றதும் புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

“என்னண்ணே அது?”

“மனசுக்குள்ள போராட்டம்மா.”

தம்பியாக நடித்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் கிரீஸ். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா, இவரு போராடி முடிக்கறதுக்குள்ள நான் பசியிலயே செத்துருவேன். விஷமே வேண்டாம்.”

விசிலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பழைய பஸ் ஒன்றின் பின்னால் போய்ச் சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வரும்போது அந்தப் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் கண்ணில் பட்டது.

“அண்ணே, இப்படி நினைச்சுக்கங்க. பஸ்ஸு ஸ்டாப்ல நிக்குது. இன்ஜின் ஓடிட்டிருக்கு. கடைசியா ஒரு வயசானவரு ஏறிட்டிருக்காரு, ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. நான் விசில் குடுக்கல. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன், கண்ணாடியைப் பாத்துட்டு இருப்பேன்.”

“பேசுவீங்களா?”

“அப்ப எவனாவது பேசுவானா? பிரேக்ல இருந்து கால் எடுத்தா ஆள் போயிரும்மா!”

“அதான். பாருங்க. கண்ணாடியில உங்க தம்பி தெரியறான்.”

ஹாரன் அண்ணன் முகத்தைச் சற்றே திருப்பி, இல்லாத ஒரு கண்ணாடியைப் பார்த்தார். அந்த முகத்தில் புருவம் இல்லை, போராட்டம் இல்லை. உள்ளே மட்டும் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்களில் ஆயிரம் உயிர்களைப் படியில் வைத்துக்கொண்டு காத்திருந்த முகம் அது. கிரீஸ் தரையிலிருந்து எழுந்துவிட்டான். “அக்கா, எனக்கு நிஜமாவே பயமா இருக்கு,” என்றான்.

விசிலக்கா இரண்டு முறை விசில் கொடுத்தாள். அரசன் முதுகைத் திருப்பினான்.

அன்றிலிருந்து அதுதான் முறை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. மேடையில் விசில் ஊத முடியாது என்பதால், பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவது போலத் திரைக்குப் பின்னாலிருந்து பலகையை இரண்டு தட்டு தட்டுவது என்று பிறகு மாற்றினாள். ஹாரன் அண்ணனுக்கு அதுவும் ரத்தத்தில் ஊறியதுதான்.

கடைசிச் சோதனையை வீட்டில் வைத்தாள். காரணம், மாமியார். எதற்கும் சிரிக்கிற மனுஷி அவர். மருமகளும் மாமியாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தால் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் தையல்காரர். நாடகத்துக்கு உடை அவர்தான். பழைய பஸ் சீட்டுகளைப் பிரித்தெடுத்த சிவப்பு ரெக்ஸின் ஷெட்டில் மூட்டையாகக் கிடந்தது. அதில் அரச அங்கி ஒன்று தைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும். கிட்ட வந்தால் சத்தம் கேட்கும்.

மாமியார் துணி மடித்துக்கொண்டே பார்த்தார். அரசன் நடந்தான். கீச், கீச்.

“என்னடி இது, ராசா நடந்தா செருப்புக் கடையில எலி புகுந்த மாதிரி இருக்கு?”

“அத்தை, பேசாம பாருங்க.”

அரசன் கண்ணாடியைப் பார்த்தான். மாமியார் துணி மடிப்பதை நிறுத்தினார். தட், தட். அரசன் முதுகைத் திருப்பினான். முதுகின் நட்டநடுவே, பெரிய வெள்ளை எழுத்தில், ‘மகளிர் மட்டும்’ என்றிருந்தது.

மாமியார் துணிக்குவியலுக்குள் முகம் புதைத்துச் சிரித்தார். விசிலக்கா சமையலறைக்கு ஓடினாள். விஷம் குடிக்க வேண்டிய கிரீஸ் புரைக்கேறி இருமினான்.

“என்ன? என்ன சிரிப்பு?” என்று ஹாரன் அண்ணன் சுற்றிச் சுற்றித் திரும்பினார். தன் முதுகு தனக்குத் தெரிந்த அரசன் எவன் இருக்கிறான்?

“என்னங்க, எழுத்து இருக்கற பக்கத்தையா வெளிய வச்சுத் தைப்பீங்க?” என்றாள் விசிலக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“உள்பக்கம் பூரா கிழிசல்டி. இரு, மேல ஒரு கறுப்புத் துணி போட்டுடறேன்,” என்றார் தையல்காரர். “அத்தனை பெரிய முதுகு. எனக்கென்ன தெரியும் எழுத்து அங்க வந்து உக்காரும்னு.”

நாடக நாள் சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மேனேஜர், தலைமை அலுவலகத்து ஆட்கள், ஓரத்தில் மாமியார். சூப்பிரண்டு ஊன்றுகோலோடு திரைக்குப் பின்னால் வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். “நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்,” என்றார். எதைப் பார்க்க வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கறுப்புத் துணியைத் தைக்க நேரம் போதவில்லை. தையல்காரர் அதை அரசனின் முதுகில் குண்டூசிகளால் குத்தி நிறுத்தினார். மிச்சக் குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு பக்கத்திரைக்குப் பின்னால் நின்றார்.

சிறைக் காட்சி வந்தது. அரசன் வந்து நின்றான். ஹாரன் அண்ணன் இல்லாத கண்ணாடியைப் பார்த்தார். போன வருடம் லைசென்ஸ் கேட்டவன் பின்வரிசையில் வாயைத் திறந்தான், திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் டிரைவர்கள். அந்தப் பார்வை அவர்களுக்குத் தெரியும். யாரோ படியில் நிற்கிறார்கள் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கிரீஸின் கை கிண்ணத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

விசிலக்கா பலகையைத் தட்டினாள். தட், தட். அரசனின் தோள் திரும்பத் தொடங்கியது.

வெளியே, அரங்கத்து வாசலில், வாட்ச்மேன் குறுக்கே வந்த ஒரு காரைப் பார்த்து நீளமாக ஒரு விசில் ஊதினார்.

ஒரு விசில் என்றால் நில். அரசன் பாதித் திருப்பத்தில் நின்றான். கிண்ணத்தை நோக்கி நகர்ந்த கிரீஸின் கையும் அந்தரத்தில் நின்றது.

அது வாசல் வாட்ச்மேனின் விசில் என்று விசிலக்காவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி தட்டினாள். தட், தட். அரசன் மறுபடி திரும்பினான். வெளியே மறுபடி விசில். அரசன் நின்றான். இந்தமுறை கால் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாக, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். அண்ணனுக்கு நெற்றி வியர்த்தது. பலகை போ என்கிறது, விசில் நில் என்கிறது. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கண்டக்டரை அவர் பார்த்ததில்லை. அந்தத் தவிப்பெல்லாம் முகத்தில் வந்தது. கூட்டத்துக்குத் தெரிந்ததோ, தம்பிக்கு முதுகைக் காட்ட முயன்று முயன்று தோற்றுப்போகிற ஒரு அண்ணன். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதே நேரம், இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டதில், கறுப்புத் துணியின் ஒரு மூலை கழன்று தொங்கியது. அங்கியில் ‘மக’ வரை தெரிந்தது. நல்ல வேளை, அந்தப் பக்கம் இன்னும் பின்திரையை நோக்கித்தான் இருந்தது.

“என்னங்க,” என்று விசிலக்கா கணவனின் சட்டையைப் பிடித்தாள், “ஓடுங்க! அந்த வாட்ச்மேன் வாயை மூடுங்க!”

தையல்காரர் ஓடினார். கழுத்தில் அளவு நாடா பறக்க, வாய் நிறையக் குண்டூசியோடு வாசலில் போய் நின்று, ஊதாதே என்று சொல்லப் பார்த்தார். “ம்ம்! ம்ம்ம்!” என்றுதான் வந்தது. வாயைக் காட்டினார், விசிலைக் காட்டினார், உள்ளே கையைக் காட்டினார். வாட்ச்மேனுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது, அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழி வேண்டும். நின்றிருந்த காரை நகரச் சொல்லி, படபடவென்று இரண்டு விசில் ஊதினார்.

இரண்டு என்றால் போ.

அரசன் முழுதாக முதுகைத் திருப்பினான். திருப்பிய திருப்பில் துணியின் தொங்கிய மூலை சுழன்று வந்து, தான் இருக்க வேண்டிய இடத்தில் படிந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் குண்டூசி அதைப் பிடித்துக்கொண்டது. தம்பி கிண்ணத்தை எடுத்தான்.

அந்த முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்பது கூட்டத்தில் மாமியார் ஒருவருக்குத்தான் தெரியும். முன்வரிசையில் அவர் வாயைத் திறப்பதை விசிலக்கா பார்த்தாள். முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“குடிக்காதடா!” என்று மாமியார் அலறினார். “அது விஷம்டா பாவி! அவன் கிடக்கறான் கல்நெஞ்சுக்காரன், நீ எந்திரிச்சு வந்துருடா!”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் லைசென்ஸ்காரன் கைக்குட்டையைத் தேடினான். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, அதைத் தலைகீழாக மாட்டப் பார்த்தார். திரை விழுந்தது. கைத்தட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால், விசிலக்காவுக்கு அந்த வியாதி வந்தது. வாட்ச்மேன், குண்டூசி, அந்தரத்தில் நின்ற கை, ‘மக’ எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, தட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரித்தாள். அங்கியோடு ஓடிவந்த ஹாரன் அண்ணன், “என்னம்மா நீ, ஒரு முடிவுக்கு வரமாட்டியா? போகச் சொல்றே, நிக்கச் சொல்றே!” என்று கோபமாகக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பிரண்டு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பாராட்ட வந்த மேனேஜரை வழியிலேயே மறித்தார்.

“சார், சிரிச்சா நாடகம் என்கிட்ட வரும்னு சொன்னீங்க. இதோ, டைரக்டரே சிரிச்சுட்டு இருக்காங்க. நான் என் காதால கேட்டேன்.”

மேனேஜர் விசிலக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

“ஆமா சார், சிரிச்சேன். திரை விழுந்தப்புறம், திரைக்குப் பின்னால, சந்தோஷத்துல. கூட்டம் அழுதுச்சு. நீங்களும்தான். நீங்க பார்த்ததை ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மேனேஜர் பேசவில்லை. சூப்பிரண்டு இருபது வருடப் பழக்கம். தினமும் எதிர் நாற்காலி. இவளோ ஒரு கண்டக்டர். எது உண்மை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதைச் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. தொண்டையைக் கனைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, சரி, அதெல்லாம் நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்,” என்று முனகிக்கொண்டே மெல்ல முதுகைத் திருப்பத் தொடங்கினார்.

அந்தத் தோள் திரும்புவதை விசிலக்கா இத்தனை நாளாக ஷெட்டில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு முறை ஊதினாள்.

பழைய டிரைவர் அல்லவா. மேனேஜர் பாதித் திருப்பத்தில் அப்படியே நின்றார். வலது கால்கூட பிரேக்கை மிதிப்பது போலக் கொஞ்சம் நீண்டது.

“யோவ்,” என்றான் கிரீஸ் மெதுவாக, “ராஜா நிக்கறாரு பாரு.”

முதலில் சிரித்தது மேனேஜர்தான். தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஹாரன் அண்ணன், பிறகு, வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தபடி உள்ளே வந்த தையல்காரர், சிரிக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்த மாமியார். கடைசியில், ஊன்றுகோலில் நாடியை வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் சூப்பிரண்டு.

மேனேஜர் முழுதாக அவள் பக்கம் திரும்பினார்.

“கூட்டம் சிரிக்கல. நான் பார்த்தேன். அடுத்த வருஷமும் நீங்களே பண்ணுங்கம்மா. நோட்டீஸ்ல உங்க பேரு வரும்.”

“டீ?” என்று விசிலக்கா கேட்டாள்.

மேனேஜர் யோசித்தார். “கால் சரியானதும் சூப்பிரண்டு போடுவாரு. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்.” சொல்லிவிட்டு, போகலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

“தங்கச்சி,” என்றார் ஹாரன் அண்ணன், “மனுஷன் எவ்வளவு நேரம்தான் ஸ்டாப்ல நிப்பாரு? அனுப்பு.”

விசிலக்கா இரண்டு விசில் கொடுத்தாள். மேனேஜர் போனார்.